அசைவில்லை

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்றைக்கும் இறங்கித் தொலைத்தது.

எலியை மயக்கி, கழுத்து ரத்தக்குழாயில் மெல்லிய குழாய் செருகி, தொடை நரம்பைத் தேடி எடுத்து, அதில் இத்தனூண்டு மின்சாரம் கொடுத்தால் ரத்த அழுத்தம் ஏற வேண்டும். ஞானதாஸ் சார் இருபது வருஷத்துக்கு முன்னால் அப்படி ஏறுவதைக் காட்டித்தான் கட்டுரை போட்டார். எங்கள் உடலியங்கியல் துறைக்கு வெளியூரில் ஒரு பெயர் இருக்கிறதென்றால் அது அந்தக் கட்டுரையால்தான். அவரிடம் பிஎச்டி செய்ய வந்திருக்கும் நானும் அதே நரம்பில் அதே மின்சாரத்தைத்தான் கொடுக்கிறேன். எனக்கு மட்டும் கம்ப்யூட்டர் திரையில் சிவப்புக் கோடு ஒரு நெளி நெளிந்து கீழே போகிறது.

என் தலைப்பு, அந்த ஏற்றத்தை மூளையின் எந்தப் பகுதி நடத்துகிறது என்பது. ஏற்றமே வராதபோது நடத்துகிறவனை நான் எங்கே போய்த் தேட? டிசம்பர் முதல் வாரத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை தவணை வாங்கியாகிவிட்டது. இனிமேல் பல்கலைக்கழகம் தராது. கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, இத்தனை வருஷப் பாடும் வீண்.

வீட்டுக்கு வந்தால் கேஸ் தீர்ந்திருந்தது. என் கணவர் எட்வின் பள்ளிக்கூட மைதானத்திலிருந்து வந்து, கழுத்தில் தொங்கும் விசிலைக்கூடக் கழற்றாமல் கரண்ட் அடுப்பில் கஞ்சி வைத்தார். கஞ்சியும் அடிப்பிடித்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

சார் லேபுக்கு வந்து என் பின்னால் நின்று பார்த்தார். கோடு இறங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உனக்க கைதான் செரியில்ல. தாணுலிங்கம் இதே மேசையில எத்தன எலி பண்ணினான். ஒண்ணுகூட எறங்கல கேட்டியா?"

தாணுலிங்கம் எனக்கு முன்னால் சாரிடம் பட்டம் வாங்கியவர். இப்போது சேலத்தில் பேராசிரியர். இந்த லேபில் நான் எது செய்தாலும் அதை ஏற்கெனவே நன்றாகச் செய்து முடித்த மனிதர். இரவில் போன் போட்டு அவரிடமே கேட்டேன். தசை தளர்த்தும் மருந்து போடுகிறாயா என்று முதல் கேள்வியிலேயே பிடித்தார். நான் எங்கே போட? அதைப் போட்டால் உடம்பில் ஒரு தசையும் அசையாது, மூச்சு விடும் தசை உட்பட. மூச்சுக்கு வென்டிலேட்டர் வேண்டும். எங்கள் வென்டிலேட்டர் ரிப்பேருக்காகச் சென்னைக்குப் போய் மாதக்கணக்காகிறது. அதனால் மயக்க மருந்தை மட்டும் கொடுத்துச் செய்கிறேன். மின்சாரம் கொடுக்கும்போது கால் துள்ளுகிறது, மீசை துடிக்கிறது. துடித்தால் எனக்குப் பொறுக்காது. உடனே கொஞ்சம் மயக்க மருந்தைக் கூட்டிவிடுவேன்.

அங்கேதான் தப்பு என்றார் தாணுலிங்கம். அவரவர் இஷ்டத்துக்குக் கூட்டக்கூடாதாம். சாரின் முறை ஒன்று உண்டு. அரை மணிக்கு ஒரு தடவை இடுக்கியால் பாதத்தைக் கிள்ள வேண்டும். காலை இழுத்தால் மருந்தைக் கூட்ட வேண்டும். இழுக்காவிட்டால் 'அசைவில்லை' என்று எழுதிவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும். இளகிய மனசு இருந்தால் உடலியங்கியலுக்கு வரக்கூடாது என்று சிரித்தார்.

எனக்கு இளகிய மனசு என்று என் மாமியார் கேட்டால் சிரித்துச் சிரித்து விழுந்துவிடுவார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

எட்வினுக்கு மறுபடியும் வயிற்று வலி. நேற்று சாளை மீன் பொரித்ததை ஒரு கை பார்த்ததன் பலன். ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பையில் கல். எடுத்துவிடத்தான் வேண்டும் என்கிறார்கள். அடுத்த மாதம் விளையாட்டுப் போட்டி இருக்கிறது, அதற்கப்புறம் பார்க்கலாம் என்கிறார் இவர். ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் ஓடவிடும் ஆள், ஊசி என்றால் வாசலிலேயே நின்றுவிடுவார்.

லேபில் இன்றும் இறங்கியது. எழுதி எழுதிச் சலித்துவிட்டது.

செப்டம்பர் 2, செவ்வாய்

வென்டிலேட்டர் வந்துவிட்டது. பெட்டியைப் பிரித்தால் ஒரு குழாய் குறைகிறது. கம்பெனிக்காரனிடம் அரை நாள் கத்தினேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஏறியது!

எல்லாம் சாரின் முறைப்படி. காலையில் மயக்க ஊசி. அறுவை முடித்து, தசை தளர்த்தும் மருந்து, வென்டிலேட்டர். எலி அப்படியே மெழுகாகக் கிடந்தது. மீசை துடிப்பு, கால் துள்ளல், ஒரு தொல்லையும் கிடையாது. இடுக்கியால் பாதத்தைக் கிள்ளினேன். அசைவில்லை. நல்ல ஆழமான மயக்கம். கூடுதல் மருந்து தேவைப்படவே இல்லை. மின்சாரம் கொடுத்ததும் சிவப்புக் கோடு ஏறியது பாருங்கள், சாரின் கட்டுரையில் படமாகப் போட்டிருப்பாரே, அதே ஏற்றம்.

சாரை ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். திரையைப் பார்த்தார். "கொள்ளாம்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் சொன்ன இரண்டாவது கொள்ளாம். முதலாவது, நான் வாங்கி வந்த டீக்கு.

என் கையில் தப்பில்லை என்று தெரிந்ததே போதும். வரும் வழியில் வடசேரியில் இறங்கி எட்வினுக்கு ஒரு சட்டை எடுத்தேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

மறுபடியும் ஏற்றம். அசைவில்லை, அசைவில்லை, அசைவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

ஓடிக்கொண்டிருக்கிறது வேலை. இனி மூளைப் பகுதிக்கே போய்விடலாம் என்று சார் சொல்லிவிட்டார்.

இன்று மதியம் ஒரு எரிச்சல். மின்சாரம் எதுவும் கொடுக்காத நேரம், கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. என் முழங்கை பட்டு ஸ்டீல் தட்டு கத்தரிக்கோல்களோடு தரையில் விழுந்தது. அறையே அதிர்ந்தது. கோடு சட்டென்று மேலே ஏறி, நின்று, நிதானமாக இறங்கியது. இதயத் துடிப்பும் கூடவே ஏறியது. மேசை ஆடியிருக்கும். இந்தக் கருவிகள் எல்லாம் அதிர்வைத் தாங்காதவை.

மேசைக் காலுக்கு அடியில் ரப்பர் வைக்கச் சொன்னேன். இனி அந்த அறையில் செருப்பில்லாமல் நடப்பது, கதவை மெதுவாகச் சாத்துவது என்று முடிவு செய்திருக்கிறேன். பக்கத்து லேப்காரர்களிடமும் ரேடியோ வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முறைத்தார்கள்.

ரப்பர் வைத்த பிறகு தட்டை மறுபடியும் போட்டுப் பார்க்கவில்லை. அதற்கெல்லாம் நேரமில்லை.

அக்டோபர் 8, புதன்

துறைக் கூட்டத்தில் சார் என்னைப் பேசவைத்தார். படங்களைக் காட்டினேன். எல்லா எலியும் ஏறுகிறது, ஒன்றுபோல் ஏறுகிறது. கைதட்டினார்கள். மயக்கம் சரியான ஆழத்தில் இருந்ததா என்று உயிர்வேதியியல் துறையிலிருந்து ஒருவர் கேட்டார். அரை மணிக்கு ஒரு தடவை பாதத்தைக் கிள்ளிப் பார்க்கிறோம், ஒரு தடவைகூட அசைந்ததில்லை என்று அடித்துச் சொன்னேன். உட்கார்ந்துவிட்டார். சார் என் பக்கம் பார்க்காமல் ஜன்னல் வழியே ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் இன்னொரு எலி. கிள்ளும்போதே கோடு கொஞ்சம் ஏறுகிறது. இடுக்கியைக் கொஞ்சம் அழுத்திவிடுகிறேன் போல. கண்ணோரத்தில் நீர் கோத்திருந்தது. கண் உலர்ந்தால் அப்படி வரும் என்று களிம்பு தடவிப் பஞ்சால் மூடினேன். மூடியபிறகு வேலை செய்ய வசதியாக இருந்தது.

தூக்கம் சரியில்லை. பல்கலைக்கழகப் படிவங்களை நினைத்துத்தான்.

அக்டோபர் 15, புதன்

எட்வினின் அறுவை அடுத்த வாரம். மயக்க மருந்து டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். பகவதி என்று பெயர், என் வயதுதான் இருக்கும். பல் ஆடுகிறதா, ஆஸ்துமா உண்டா என்றெல்லாம் கேட்டுவிட்டு, வயிற்றுத் தசை இறுகாமல் இருக்க ஒரு மருந்து போடுவோம், அப்போது மூச்சுகூட மிஷின்தான் விடும் என்று விளக்கினார். இவர் முகம் வெளுத்துவிட்டது.

"நடுவுல முழிச்சிட்டா, நான் முழிச்சிருக்கேன்னு சொல்லவும் முடியாதே. கையக் கால அசைக்கவும் முடியாதே" என்றார்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அதுக்குத்தான் சார் நான் தலமாட்டுல நிக்கேன். அசையலன்னு வச்சு நாங்க எதையும் முடிவு பண்ண மாட்டோம். அசையாம இருக்க மருந்து போட்டதே நாங்கதான. நாடியப் பாப்போம், பிரஷரப் பாப்போம், கண்ணுல தண்ணி வருதான்னு பாப்போம். கத்தி வைக்கும்போது பிரஷர் குதிச்சா மயக்கம் பத்தலன்னுதான் அர்த்தம். உடனே கூட்டிருவோம்."

எட்வினுக்கு நிம்மதி ஆகிவிட்டது. வெளியே வந்ததும் ஏத்தன் பழம் பொரித்தது கிடைக்குமா என்று பார்த்தார். நான் ஸ்கூட்டர் சாவியைப் பையெல்லாம் கொட்டித் தேடினேன். கையில்தான் வைத்திருந்தேன்.

அக்டோபர் 16, வியாழன்

லேபுக்குப் போகவில்லை. பிரிட்ஜைத் துடைத்தேன்.

அக்டோபர் 22, புதன்

அறுவை நல்லபடியாக முடிந்தது. கல்லை ஒரு சின்னப் புட்டியில் போட்டுக் கொடுத்தார்கள், என்னவோ பரிசு மாதிரி.

உள்ளே கொண்டுபோனதிலிருந்து வெளியே கொண்டுவரும்வரை நான் ஜெபம் செய்திருக்க வேண்டும். மாமியார் செய்துகொண்டிருந்தார். நான் செய்யவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் பகவதி டாக்டர் பிரஷரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாரா, இல்லை போன் பேசப் போய்விட்டாரா என்று மட்டும்தான் மனசில் ஓடியது. எட்வின் கண் திறந்ததும் வலிக்கிறதா என்று கேட்கவில்லை. உள்ளே நடந்தது ஏதாவது காதில் விழுந்ததா என்று கேட்டேன்.

"என்னது?" என்றார். "ஒண்ணும் தெரியாது. செத்த மாதிரி கெடந்தேன்."

நான் அழுததைப் பார்த்து மாமியார் முதல் தடவையாக என் தலையைத் தடவிக்கொடுத்தார். அவருக்கு என்ன தெரியும்?

நவம்பர் 3, திங்கள்

எழுதிவிடுகிறேன். அந்த எலிகள் விழித்திருந்தன.

எல்லாம் அல்ல, எல்லா நேரமும் அல்ல. காலையில் போட்ட ஊசி காலையில் வேலை செய்திருக்கும். நேரம் போகப் போகத் தெளிந்திருக்கும். தெளிந்தால் காலை இழுக்கும், அப்போது மருந்தைக் கூட்டு என்பதுதானே முறை? இழுக்க முடியாதபடி மருந்தைப் போட்டுவிட்டு, இழுக்கிறதா இழுக்கிறதா என்று அரை மணிக்கு ஒரு தடவை கிள்ளியிருக்கிறேன். இழுக்கவில்லை, அதனால் கூட்டவில்லை. வாயைக் கட்டிவிட்டுப் பசிக்கிறதா என்று கேட்டுவிட்டு, பதில் வரவில்லையே, வயிறு நிறைந்திருக்கிறது என்று எழுதின கதை. இதை ஒரு மருத்துவக் கல்லூரி இருபது வருஷமாகச் செய்திருக்கிறது. நான் எம்எஸ்சியில் தங்கப் பதக்கம் வேறு வாங்கியவள்.

இன்று தளர்த்தும் மருந்தைத் தொடவே இல்லை. கால் துள்ளாமலிருக்க வேறு வழி இருக்கிறது. நரம்பைக் கீழ்ப்பக்கம் வெட்டிவிட்டால் மின்சாரம் மூளைப் பக்கம் மட்டும்தான் போகும். இதற்கு ஆன நேரம் இரண்டு நிமிஷம். மயக்க மருந்தை ரத்தத்தில் சிறிது சிறிதாக ஏற்றி, மற்றக் காலைக் கிள்ளிப் பார்த்து, அது கொஞ்சமும் இழுக்காத ஆழத்துக்குக் கொண்டுபோனேன். மின்சாரம் கொடுத்தேன். கோடு இறங்கியது. ஆகஸ்டில் என் உயிரை வாங்கின அதே இறக்கம். அப்புறம் மருந்தைக் குறைத்து, மீசை மட்டும் லேசாகத் துடிக்கும் அளவுக்கு வரவிட்டு, ஒரே ஒரு தடவை கொடுத்தேன். ஏறியது. உடனே ஆழத்துக்குக் கொண்டுபோய்விட்டேன். மறுபடி இறக்கம்.

ஒரே எலி, ஒரே நரம்பு, ஒரே மின்சாரம். மயக்கம் ஆழமானால் இறங்குகிறது, மேலோட்டமானால் ஏறுகிறது. ஏற்றத்தை நடத்தும் மூளைப் பகுதியைத் தேடி அலைந்தேனே, முதலில் பார்த்திருக்க வேண்டியது மருந்துப் புட்டியைத்தான். ஆகஸ்டில் என் கை சரியாகத்தான் இருந்திருக்கிறது. என் கை மட்டும்தான் சரியாக இருந்திருக்கிறது என்று சந்தோஷப்படக்கூட வழியில்லை. செப்டம்பரிலிருந்து செய்ததெல்லாம் இதே கைதான்.

நவம்பர் 11, செவ்வாய்

நாலு எலியில் ஒன்றுபோல் வந்த பிறகுதான் சாரிடம் போனேன். படங்களை மேசையில் பரப்பினேன். புரட்டிப் பார்த்தார். ஆழமான மயக்கத்தில் இதயம் சோர்ந்துபோகும், ஏறுவதற்குத் திராணி இருக்காது, அதனால் இறங்குகிறது, இதில் புதிதாக ஒன்றுமில்லை என்றார். நான் எதிர்பார்த்த வாதம்தான். சோர்ந்துபோகாமல் திரவம் ஏற்றி, அழுத்தத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகும் இறங்குகிற படத்தை எடுத்து முன்னால் வைத்தேன்.

அதைப் பார்க்கவில்லை. டிசம்பருக்கு எத்தனை நாள் இருக்கிறது தெரியுமா என்று கேட்டார். கையில் இருப்பதை வைத்து எழுதி முடி, பட்டம் வாங்கு, அப்புறம் உன் சொந்த லேபில் இதையெல்லாம் ஆராய்ச்சி பண்ணு என்றார். கோபமாகச் சொன்னால் சண்டை போட்டிருப்பேன். அக்கறையாகச் சொன்னார்.

இந்த மனிதர்தான் என் அப்பா இறந்தபோது முதல் ஆளாக வந்து, அடக்கம் முடியும்வரை வெயிலில் நின்றவர். அதை நினைத்தால் இன்னும் எரிச்சலாக வருகிறது. கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியம்.

நவம்பர் 14, வெள்ளி

காலையில் லேபைத் திறந்தால் சார் உள்ளே இருந்தார். கையுறை போட்டு, எலியை மயக்கி, அறுவையும் பாதி முடித்திருந்தார். அவர் கத்தி பிடித்து நான் பார்த்ததே இல்லை. மே மாதம் ஓய்வு பெறப்போகிறவர், கண் சரியில்லை, ஆனால் என்ன கை! ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை.

அவருடைய பழைய அளவு, பழைய ஊசி. தளர்த்தும் மருந்து மட்டும் போடவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். முதலில் மின்சாரம் கொடுத்தபோது கோடு கொஞ்சம் இறங்கியது. காத்திருந்தோம். டீ வந்தது, ஆறியது. பத்தரை வாக்கில் ஏறத் தொடங்கியது. அவர் கட்டுரையில் இருக்கும் அந்த அழகான ஏற்றம். சார் இடுக்கியை எடுத்துப் பாதத்தைக் கிள்ளினார்.

எலி காலைச் சுருக்கென்று இழுத்துக்கொண்டது.

இடுக்கியைக் கீழே வைக்கும் முன்னாலேயே இடது கையால் மயக்க மருந்தை ஏற்றினார். நான் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. மீசை அடங்கும்வரை ஏற்றினார், அடங்கிய பிறகும் கொஞ்சம் ஏற்றினார். பிறகு கையுறையைக் கழற்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். துண்டு எடுத்துக் கொடுத்தேன், வாங்காமல் போய்விட்டார்.

மிச்ச வேலையை நான்தான் முடித்தேன். கழுவ வேண்டிய பாத்திரம் மட்டும் ஒரு மலை இருந்தது.

நவம்பர் 24, திங்கள்

பத்து நாளாக எழுதினேன். தலைப்பே மாறிவிட்டது: நரம்புத் தூண்டலுக்கு ரத்த அழுத்தம் காட்டும் எதிர்வினை மயக்கத்தின் ஆழத்தைப் பொறுத்து மாறும் விதம். தலைப்பு மாற்றத்துக்கு எத்தனை அறைக் கதவைத் தட்டினேன் என்பதை எழுதினால் இன்னொரு ஆய்வேடு ஆகும். எட்வின் தையல் பிரித்த வயிற்றோடு உட்கார்ந்து படங்களுக்கெல்லாம் எண் போட்டுக் கொடுத்தார். இரண்டு இடத்தில் தப்பு. திட்டினேன், பாவம்.

சார் இன்று கூப்பிட்டார். முழுக்கப் படித்திருந்தார். ஒரே ஒரு பத்தியில் சிவப்பு மையில் வட்டம். என் செப்டம்பர் எலிகளைப் பற்றி எழுதின பத்தி அது. மயக்கம் போதாமல் இருந்தது, தளர்த்தும் மருந்தால் அவற்றால் அசைய முடியவில்லை, நாங்கள் கண்ட அழுத்த உயர்வு வலிக்கு உடல் காட்டிய எதிர்வினை, முந்தைய கட்டுரைகளின் முடிவுகளும் இதே காரணத்தால் மறுபரிசீலனை செய்யப்பட வேண்டும் என்று எழுதியிருந்தேன். வட்டம் 'வலி' என்ற சொல்லைச் சுற்றி.

"இத மட்டும் எடுத்துரு மக்களே. மயக்கம் கொறவு, பிரஷர் ஏறிச்சு, அதோட நிறுத்து. வலின்னு எலி வந்து உங்கிட்ட சொல்லிச்சா?"

"சொல்ல முடியாதுல்லா சார். நாமதான மருந்து போட்டு வச்சிருந்தோம்."

இப்படிச் சொல்வேன் என்று நானே நினைக்கவில்லை. சார் நாற்காலியில் சாய்ந்தார். ரொம்ப மெதுவாக, உனக்கு இது எப்போது தெரியும் என்று கேட்டார். எட்வினின் அறுவைக்கு முன்னால் மயக்க மருந்து டாக்டர் விளக்கியதைச் சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது சரி. எப்பத் தெரியும்?" என்று மறுபடியும் கேட்டார்.

தட்டு விழுந்த அன்றைக்கு என்றேன்.

என் வாயால் வந்துவிட்டது. அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் செருப்பைக் கழற்றினேன். அதற்கப்புறமும் எத்தனையோ எலிகளுக்குப் பஞ்சால் கண்ணை மூடி வேலை பார்த்தேன், டிசம்பர் டிசம்பர் என்று. இந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. வட்டம் போட்ட தாளைச் சாரிடமே விட்டுவிட்டு வந்தேன். அந்தச் சொல்லை எடுக்க மாட்டேன். கையெழுத்துப் போடாவிட்டால் போகட்டும்.

நவம்பர் 29, சனி

சாரிடமிருந்து சத்தமில்லை. எட்வின் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்ட ஸ்டூலில் ஏறினார். அறுவை செய்த வயிற்றை வைத்துக்கொண்டு ஏறாதீர்கள் என்று கத்தினேன். நானே ஏறிக் கட்டினேன், கோணலாகத் தொங்குகிறது.

எதிர்வீட்டு டீச்சர் பட்டம் எப்போது என்று கேட்டுவிட்டுப் போனார். ஊரில் எல்லாருக்கும் இதே கவலைதான்.

டிசம்பர் 1, திங்கள்

சார் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

போனபோது ஆய்வேடு மேசையில் தயாராக இருந்தது. சிவப்பு வட்டம் போட்ட பக்கத்தை அவரே புதிதாக அச்செடுக்க வைத்திருந்தார். புரட்டிப் பார்த்தேன். வலி இருந்தது. முந்தைய கட்டுரைகள் என்று நான் பொதுவாக எழுதியிருந்த இடத்தில் அவருடைய பெயரும் கட்டுரையின் வருஷமும் இருந்தன. அவரே சேர்த்திருக்கிறார். இந்த மனிதரைப் பற்றி என்னவெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கதவருகே போனதும், "எனக்கு எப்பத் தெரியும்னு நீ கேக்கல" என்றார்.

நின்றேன். கேட்டிருக்கக்கூடாது. கேட்டேன்.

கட்டுரையை அனுப்பியபோது பத்திரிகையிலிருந்து ஒரு கேள்வி வந்ததாம். எலிகள் முழு மயக்கத்தில் இருந்தன என்று எப்படி உறுதி செய்தீர்கள் என்று. கேட்டவன் யாரோ வெளிநாட்டுக்காரன், கெட்டிக்காரன் என்றார் சார். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தாராம். அப்போது அவருக்குப் பேராசிரியர் பதவிக்கான நேர்முகம் நடக்க இருந்தது.

"கால கிள்ளிப் பாத்தோம், ஒரு எலியும் அசையலன்னு பதில் எழுதினேன். உள்ளதத்தான எழுதினேன். பொய் ஒண்ணும் இல்லல்லா?"

என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். இல்லை சார் என்று நான் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தாரோ, பொய்தான் சார் என்று சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தாரோ தெரியவில்லை. அத்தனை வருஷம். தாணுலிங்கம் அண்ணன் முடித்த அத்தனை எலிகள். ஆகஸ்டில் கோடு இறங்க இறங்க என் பின்னால் நின்றுகொண்டு, உனக்க கைதான் செரியில்ல என்று சொன்னாரே, அப்போதும் தெரியும் அவருக்கு. உயிர்வேதியியல்காரர் எழுந்து கேட்டபோது, அவர் எழுதின அதே பதிலை நான் எழுந்து சொன்னேனே, அப்போதும் தெரியும்.

ஆய்வேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பஸ் ஏறி டிக்கெட் எடுக்கும்போதுதான் என்ன சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்று உறைத்தது. ஆரல்வாய்மொழியிலிருந்து வடசேரி வரை வாய்க்குள்ளேயே அவரைத் திட்டிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போனாள்.

நாளைக்குப் பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிடுவேன்.